கல்லுக்கு ஜாதகம் கணித்த ஆர்தர் ஹோம்ஸ்

பெங்களூர் லால்பாக் தோட்டத்துக்குப் போகும் நம்மவர்கள், அங்குள்ள பெரிய பாறைமேல் ஏறிச் சற்று உட்கார்ந்துவிட்டு வருவது வழக்கம். அந்தப் பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டு என்கிறார்கள் நிலவியல் அறிஞர்கள். பிறந்த குறிப்பு இல்லாத கல்லுக்கு ஜாதகம் கணிப்பது எப்படி? அந்த வித்தையைத் தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டு வளர்த்தவர் ஆர்தர் ஹோம்ஸ் என்ற ஆங்கிலேயர். பிழைப்புக்காக இருமுறை கடல் கடந்து போய், இருமுறையும் வெறுங்கையுடன் ஊர் திரும்பியவர் அவர்.

பைபிள் ஓரத்து எண்

ஹோம்ஸ் 1890-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி, வட இங்கிலாந்தில் நியூகாசிலுக்கு அருகே ஹெப்பர்ன் என்ற ஊரில் ஒரு சாதாரணக் குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் இருந்த பைபிளின் ஓரத்தில், உலகம் கி.மு. 4004-ல் படைக்கப்பட்டது என்று அச்சிட்டிருந்தது. சரியாக 4000 என்று இல்லாமல் இந்த உதிரி 4 எங்கிருந்து வந்தது என்று சிறுவனுக்குச் சந்தேகம். பூமியின் வயது பற்றிய எண்ணம் அன்றே மனதில் விழுந்துவிட்டது.

1907-ல் உதவித்தொகை பெற்று லண்டனுக்குப் படிக்கப் போனார். பௌதிகத்தில் சேர்ந்தவர் நிலவியலுக்கு மாறினார். பூமி உருகிய நிலையிலிருந்து ஆறி வந்த காலத்தைக் கணக்கிட்டு, அதன் வயது 2 கோடி முதல் 4 கோடி ஆண்டுதான் என்று கெல்வின் பிரபு 1897-ல் அடித்துச் சொல்லியிருந்தார். பெரிய மனிதரின் கணக்கு. மறுத்துப் பேசப் பலரும் தயங்கினார்கள்.

யுரேனியமும் ஈயமும்

யுரேனியம் தானாகவே சிதைந்து, மெல்ல மெல்ல ஈயமாக மாறுகிறது. அதில் பாதி மாறுவதற்கே சுமார் 450 கோடி ஆண்டு ஆகும். வெயிலோ மழையோ அந்த வேகத்தை மாற்றாது. பூமிக்குள் உருகிக் கிடக்கும் குழம்பு ஆறி இறுகும்போது உண்டாகும் படிகங்களில் யுரேனியம் அகப்பட்டுக்கொள்கிறது. அந்த நாள் முதல் அதற்குள் ஈயம் சேரத் தொடங்குகிறது. ரயில் டிக்கெட்டில் தேதி குத்துவது போலத்தான் இது. சேர்ந்த ஈயத்தையும் மீந்த யுரேனியத்தையும் அளந்தால் கல் இறுகிய காலம் தெரிந்துவிடும். இப்படிக் குழம்பு இறுகி உண்டான தீப்பாறைகளே இதற்கு ஏற்றவை. மணல் படிந்து உண்டான கல்லில் பல காலத்துத் துகள்கள் கலந்திருக்குமே!

அமெரிக்காவின் போல்ட்வுட் 1907-ல் இந்த முறையைத் தொடங்கி வைத்தார். 1911-ல், 21 வயது ஹோம்ஸ் நார்வே நாட்டுத் தீப்பாறையின் தாதுக்களைப் பொடித்து, கரைத்து, ஈயத்தை அளந்தார். 37 கோடி ஆண்டு என்று விடை வந்தது. இலங்கைத் தாது ஒன்றுக்கு 164 கோடி ஆண்டு என்று கணக்காயிற்று. கெல்வின் கணக்கு தூளாயிற்று.

பிழைப்பு தேடி

அறிவு இருந்தது, கையில் காசு இல்லை. ஆண்டுக்கு 60 பவுன் உதவித்தொகை லண்டன் வாழ்க்கைக்குப் போதவில்லை. அதே 1911-ல் தாதுப்பொருள் தேடும் வேலைக்கு மொசாம்பிக் போனார். ஆறு மாதம் அலைந்தும் எதுவும் கிடைக்கவில்லை. மலேரியா கண்டு, அவர் இறந்துவிட்டார் என்றே ஊருக்குச் செய்தி போய்விட்டது. எப்படியோ பிழைத்து வந்தார். 1913-ல் பூமியின் வயது பற்றி அவர் எழுதிய புத்தகம் வெளிவந்தபோது அவருக்கு வயது 23.

உதவி ஆசிரியர் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாமல், 1920-ல் பர்மாவில் ஓர் எண்ணெய்க் கம்பெனியில் சேர்ந்தார். கம்பெனி நொடித்துப் போனது. அதைவிடப் பெரிய இடி, மூன்று வயது மகன் அங்கே சீதபேதியில் இறந்தது. பிள்ளையை அந்நிய மண்ணில் விட்டுவிட்டுத் திரும்பிய தம்பதிக்கு ஊரில் வேலையும் இல்லை. 1924-ல் டர்ஹாம் பல்கலைக்கழகம் அழைக்கும்வரை கஷ்ட ஜீவனம்தான்.

கண்டங்களை நகர்த்துவது எது?

கண்டங்கள் நகர்கின்றன என்று ஜெர்மனியின் வெகனர் 1912-ல் சொன்னபோது, அவற்றை நகர்த்தும் சக்தி எது என்று கேட்டு அறிஞர்கள் ஒதுக்கினார்கள். ஹோம்ஸுக்கு விடை கல்லுக்குள்ளேயே கிடைத்தது. யுரேனியம் சிதையும்போது வெப்பமும் வருகிறது. அந்த வெப்பத்தால் பூமியின் உட்பகுதி, உலையில் கொதிக்கும் கஞ்சி போல மிக மெதுவாகச் சுழல்கிறது என்றார். சூடான பகுதி மேலே எழும் இடத்தில் கண்டம் பிளந்து கடல் விரியும். ஆறிய பகுதி கீழே இறங்கும் இடத்தில் நிலம் நெருங்கி மலை எழும். 1927 டிசம்பரில் எடின்பரோ நகரில் இதை விளக்கினார். பெரும்பாலோர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவர் சண்டைக்குப் போகவில்லை. 1944-ல் வெளியிட்ட தமது பாடநூலின் கடைசி அத்தியாயத்தில் அதே கருத்தை மீண்டும் எழுதினார். பாறைகளுக்குத் தேதி போட்டுக்கொண்டே இருந்தார். 1946-ல் பூமிக்கு 300 கோடி ஆண்டு என்றார். 1956-ல் அமெரிக்காவின் பேட்டர்சன் அதை 455 கோடியாக உயர்த்தினார். தேதிகளை வரிசைப்படுத்தினால் எந்த மலைத்தொடர் எப்போது எழுந்தது என்ற வரலாறு கிடைக்கும். தம்மைச் சாவின் விளிம்புக்குக் கொண்டுபோன மொசாம்பிக்கின் பெயரையே ஆப்பிரிக்காவின் ஒரு பழைய மலைவரிசைக்கு வைத்தார். 1955-ல் தென்னிந்தியா, இலங்கைப் பாறைகளுக்கும் கணக்கு எழுதினார். தார்வார், கிழக்குத் தொடர்ச்சி மலை, சாத்பூரா எல்லாம் அதில் உண்டு. கருவிகள் திருந்தத் திருந்த அவர் போட்ட தேதிகள் பல மாறின. முறை மாறவில்லை.

கடல் அடித்தரை விரிகிறது என்பதற்கு 1960-களின் தொடக்கத்தில் சான்றுகள் வரத் தொடங்கின. 1965 செப்டம்பர் 20-ந் தேதி ஹோம்ஸ் லண்டனில் காலமானார். அடுத்த சில ஆண்டுகளிலேயே கண்டங்கள் நகர்வதை அறிவுலகம் ஒப்புக்கொண்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. உலை கொதிப்பதை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டு சொன்ன கணக்குப்பிள்ளை அவர்.