ராபர்ட் மெக்காரிசன் சரித்திரமும் புலான்மறுத்தலும்

புலாலுண்ணாமை சைவ ஒழுக்கத்திற்கு அடிப்படையாதலை நம்மனோர் அனைவரும் அறிவர். ஆயினும், ஊனுண்ணாதார் உடல்வலி குன்றுவர் என்னும் வழக்குரை ஒன்று நெடுங்காலமாக நம் நாட்டில் உலவி வருகின்றது. ஆங்கிலேயர் ஊனுண்பதனாலன்றோ நம்மை ஆள்கின்றனர் என்று நம்பி, காந்தியடிகளும் தம் இளமைப் பருவத்தில் மறைவாக ஊனுண்டார். அதனை அவரே தம் சரித்திரத்தில் ஒளியாது எழுதியுள்ளார். இவ்வழக்குரைக்கு நூற்பிரமாணங்களைக் கொண்டு விடை கூறுதல் நமக்கு எளிது. அவற்றை ஒப்புக்கொள்ளாதாரிடத்து அவ்விடை செல்லாது. ஆதலின், உடனூல் வல்லார் கண்ட உண்மைகளையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். அவற்றுட் சிறந்த பகுதி நமது நீலகிரியிலுள்ள குன்னூரிலேயே வெளிப்பட்டது. அதனை வெளிப்படுத்தியவர் சர் ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவப் பெரியார். அவர் சைவருமல்லர், புலான்மறுத்தலைப் போதித்தவருமல்லர். அதுபற்றியே அவர் சான்று நடுவுநிலையுடையதாகின்றது. அவர் சரித்திரத்தைச் சுருக்கிக் கூறி, அதனால் நாம் அறியத்தக்கவற்றை ஈண்டு ஆராய்வாம்.

மெக்காரிசன் 1878 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 15 ஆம் நாள் அயர்லாந்தின் வடபகுதியிலுள்ள போர்ட்டடவுன் என்னும் ஊரிற் பிறந்தார். பெல்பாஸ்ட் நகரத்துக் குயின்ஸ் கல்லூரியில் மருத்துவம் பயின்று 1900 இல் தேர்ச்சி பெற்றார். இந்திய மருத்துவப் பணியிற் சேர்ந்து மறுவருடமே இந்நாடு போந்தார். முதலில் வடமேற்கெல்லையிலுள்ள சித்ராலில் படைவீரர்க்கு மருத்துவராயிருந்தார். அங்கே வீரரை வருத்திய மூன்று நாட் காய்ச்சல் ஒன்று மணல் ஈயின் கடியாற் பரவுவது என்று கண்டு உரைத்தார். பின்னர் 1904 முதல் 1911 வரை இமயத்தின் வடபாலுள்ள கில்கித்தில் வாழ்ந்தார்.

கில்கித்துப் பள்ளத்தாக்கின் ஊர்கள் ஒரே வாய்க்காலின் நீரை ஒன்றன்பின் ஒன்றாக உண்டு வந்தன. மேலூரினும் கீழூரிற் கழுத்துக் கழலை மிகுந்திருத்தலை மெக்காரிசன் நோக்கினார். மேலூரார் கழிவு கலந்த நீரே அதற்குக் காரணமாகலாம் என ஐயுற்றார். அவ்வையத்தைத் தீர்த்தற்பொருட்டு, அந்நீரை வடித்தெடுத்த வண்டலைத் தாமும், உடன்பட்டு முன்வந்த பிறரும் உட்கொண்டு பார்த்தார். அவர் கழுத்திலும் கழலை தோன்றிற்று. அயோடின் என்னும் பொருளின் குறைவே இந்நோய்க்குத் தலைமையான காரணம் என்பது பிற்காலத்தார் துணிபு. எனினும், சோதனையின் துன்பத்தைப் பிறர்மேல் மட்டும் ஏற்றாது தம்முடலிலும் ஏற்றுக்கொண்ட இச்செயல் நாம் நினைவிற் கொள்ளத்தக்கது. பின்னர் இதனை மீண்டும் எடுத்துக் கூறுவாம்.

கில்கித்தையடுத்த ஹுன்சா நாட்டு மலைமக்களின் உடனலமும் அவர் கருத்தைக் கவர்ந்தது. தவிடு நீக்காத தானியம், கீரை காய்கள், சர்க்கரை பாதாமி என்னும் பழம், சிறிது பாலும் வெண்ணெயும் ஆகிய இவையே அவர்தம் உணவு. ஊன் அவர்க்கு அரிதாகக் கிடைப்பது. அம்மக்களின் ஆயுள் பற்றிப் பிற்காலத்திற் சிலர் புனைந்த மிகையுரைகளை நாம் கொள்ளவேண்டுவதில்லை. எளிய உணவுண்போரும் திண்ணிய உடலுடையராதல் கூடும் என்பதொன்றே மெக்காரிசன் உள்ளத்தில் வித்தாக ஊன்றிற்று.

அவ்வித்து முளைத்தது குன்னூரிலாகும். அங்குள்ள தென்னிந்தியப் பாஸ்தர் நிலையம், ஹென்றி பிப்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வரின் கொடையால் 1907 இல் தொடங்கப்பெற்றது. முதல் உலகப் போர் முடியும் 1918 இல் மெக்காரிசன் அதன்கண் ஓர் அறையைப் பெற்று, உணவுக் குறைவால் வரும் நோய்களை ஆராயத் தலைப்பட்டார். அவற்றின் முடிபுகளைத் தொகுத்த நூல் 1921 இல் வெளிவந்தது. அரசாங்கம் செலவைக் குறைப்பான் வேண்டி 1923 இல் அவ்வாராய்ச்சியை நிறுத்திவிட்டது. அவர் தளர்ந்திலர். 1925 இல் அது மீண்டும் தொடங்கிற்று. நாளடைவில் வளர்ந்து உணவாராய்ச்சி நிலையமாகி, 1935 வரை அவர் தலைமையில் நடைபெற்றது.

இனி, அக்காலத்து நீலகிரியின் இயல்பையும் சிறிது நோக்குவாம். ஜான் சல்லிவன் 1819 இல் அம்மலைமேல் ஏறியதன் பின்னர், ஆங்கிலேயர் பலர் அங்கே குடியேறினர். குளிர்ந்த அம்மலை அவர்க்கு வேட்டைக்களமும் ஆயிற்று. புலி, கடமான், வரையாடு முதலியன துப்பாக்கிக்கு இரையாயின. குதிரைமேலமர்ந்து நாய்த்திரள் சூழ நரியைத் துரத்துதல் உதகையில் உயர்ந்தோர் விளையாட்டெனப் போற்றப்பட்டது. விலங்குகள் அருகிப்போகவே, 1879 இல் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்க ஒரு சட்டம் பிறந்தது. உயிர்மேல் வைத்த இரக்கத்தினும், வேட்டை அற்றுப்போகலாகாது என்னும் கவலையே அச்சட்டத்திற்குத் தாயாயிற்று. அதே மலையில், எருமையின் பாலையே வாழ்வாகக் கொண்ட தோதவர் நெடுங்காலமாக வாழ்ந்து வந்தனர். இறந்தார்க்குச் செய்யும் சடங்கில் எருமையைப் பலியிடும் வழக்கம் அவரிடம் இருந்ததேனும், வேட்டையை அவர் தொழிலாகக் கொண்டிலர். இங்ஙனம் ஊனை வலிமையின் ஊற்றாகக் கருதுவோரும் பாலையே நம்பி வாழ்வோரும் அருகருகே வதிந்த மலையில், உடல்வலி உணவின் எப்பகுதியால் வருகின்றது என்னும் வினா எழுந்தமை பொருத்தமே.

பஞ்சாபியரும் பட்டாணியரும் வலியர். வங்காளத்தாரும் சென்னை மாகாணத்தாரும் மெலியர் என்று அக்காலத்து அதிகாரிகள் கூறுவர். குலத்தையும் தட்பவெப்பத்தையும் அதற்குக் காரணமாகக் காட்டுவர். மெக்காரிசன் வேறு காரணம் தேடினார். ஒரே குலத்து வெள்ளை எலிகளை ஏழு கூட்டமாக வகுத்து, கூட்டத்திற்கு 20 ஆக, சீக்கியர், பட்டாணியர், மராத்தியர், கூர்க்கர், கன்னடர், வங்காளியர், சென்னை மாகாணத்தார் ஆகியோர் உணவுகளை ஒவ்வொன்றிற்கு ஒவ்வொன்றாக அளித்தார். இடமும் காற்றும் பேணும் முறையும் எல்லாவற்றிற்கும் ஒன்றே. முடிவில் எலிகளின் வளர்ச்சி மேற்கூறிய வரிசையிலேயே படிப்படியாக இறங்கி நின்றது. சீக்கியர் உணவுண்ட எலியின் சராசரி நிறை 235 கிராம்; நம்மவர் உணவுண்டதன் நிறை 155 கிராம். குலம் ஒன்றாயிருக்கவும் வலி வேறுபட்டமையின், உணவே காரணமென்பது புலனாயிற்று.

சீக்கியர் உணவாவது தவிடு நீக்காத கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கள், பழம், வாரத்திற்கொருமுறை சிறிது ஊன் என்பன. இதனையொத்த உணவில் வளர்ந்த 1,189 எலிகளை அவர் இறந்தபின் அறுத்துச் சோதித்தார். நோயின் சுவடு காணப்படவில்லை. குறையுடைய உணவுகளில் வளர்ந்த 2,243 எலிகளிலோ உறுப்புத்தோறும் நோய் மலிந்திருந்தது.

மற்றொரு சோதனை நம் ஆராய்ச்சிக்கு மிகவும் இன்றியமையாதது. இங்கிலாந்தின் ஏழை மக்கள் உண்ணும் வெள்ளை ரொட்டி, செயற்கை வெண்ணெய், சர்க்கரையிட்ட தேநீர், அவித்த காய், தகரத்தில் அடைத்த இறைச்சி, பழப்பாகு ஆகியவற்றை ஒரு கூட்டத்திற்கு அளித்தார். அவ்வெலிகள் வளர்ச்சி குன்றின. தம்மைப் பேணுவாரைக் கடித்தன. 60 ஆம் நாளளவில் தம்முள் மெலிந்தவற்றைக் கொன்று தின்னவும் தொடங்கின.

மெக்காரிசன் தம் முடிபுகளைப் பள்ளி மாணவரும் அறியுமாறு 1928 இல் உணவைப் பற்றிய சிறு நூலொன்று இயற்றினார். 1933 இல் சர் பட்டம் பெற்றார். 1935 இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்று, மறுவருடம் இலண்டனில் உணவும் நாட்டு நலமும் பற்றி விரிவுரைகள் நிகழ்த்தினார். 1960 ஆம் ஆண்டு மே மாதம் 18 ஆம் நாள் ஆக்ஸ்போர்டில் உலக வாழ்வை நீத்தார். அவர் வளர்த்த நிலையம் 1958 இல் குன்னூரினின்றும் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, தேசிய ஊட்டச்சத்து நிலையமெனப் பெயர் பெற்று நடைபெறுகின்றது.

நிற்க. இச்சரித்திரத்தால் நாம் அறியத்தக்கன யாவை? ஊன் இருந்தும் இங்கிலாந்து ஏழையின் உணவு காவாதொழிந்தது. சீக்கியர் உணவில் நாடோறும் நின்றவை முழுத்தானியமும் பாலும் காய்கனிகளுமாம். ஊன் வாரத்திற்கொருமுறை வந்து சென்றதே. நம் உணவின் குறையாக மெக்காரிசன் கண்டவை தீட்டிக் கழுவிச் சாரமிழந்த அரிசியும், பால் காய்கனிகளின் குறைவும் ஆகும். ஆதலின் வலிமைக்கு ஊனே வேரென்னும் வழக்குரை வேரற்றது. ஆயினும் நாம் மிகைபடக் கூறலாகாது. ஊனை மட்டும் நீக்கியும் சேர்த்தும் ஒப்பிடுதற்கென அவ்வேழு கூட்டமும் வகுக்கப்பட்டனவல்ல. இரத்தத்தை வளர்க்கும் பன்னிரண்டாம் பி வைட்டமின், 1948 இல் பிரித்தறியப்பட்டது, காய்கனி தானியங்களிற் கிடைப்பதன்று, பாலிலுண்டு. ஊனை விட்டோர் பாலையும் விடுவாராயின், அதனை வேறு வழியால் அடைந்தே தீரவேண்டும்.

இதனினும் ஆழ்ந்து நோக்கவேண்டுவதொன்று உண்டு. உடனலத்தைக் காரணமாகக் காட்டிப் புலாலை விலக்குவோம் எனின், நாளை வேறொரு நூலோர் ஊனால் நலமுண்டென நிறுவுங்கால் நம் விரதம் என்னாகும்? திருவள்ளுவர் புலான்மறுத்தலை மருந்தென்னும் அதிகாரத்தின் பக்கத்தில் வைத்திலர். 25 ஆம் அதிகாரமாகிய அருளுடைமையை அடுத்து, 26 ஆம் அதிகாரமாகத் துறவறவியலில் வைத்தார். அவ்வைப்புமுறையே நமக்குப் போதும். அருள் உடையார் ஊனை நீக்குவர். அந்நீக்கம் உடலுக்கு இழப்பாயினும் நீக்குவர். மெக்காரிசன் சோதனை அவ்விழப்பின் அச்சத்தைப் போக்குதற்குத் துணையாமேயன்றி, விரதத்திற்கு அடிப்படையாகாது.

ஈண்டு ஒரு தடை எழும். ஆயிரக்கணக்கான எலிகளைக் கொன்று பெற்ற அறிவைக் கொல்லாமை பேசுவோர் எடுத்தாளுதல் தகுமோ எனின், இவ்வினாவை நாம் எளிதிற் கடத்தல் கூடாது. எலியும் பசுவாகிய ஆன்மாவே. திருமறைக்காட்டில் விளக்கின் திரியை அறியாது தூண்டிய எலி மாவலியாகப் பிறந்த வரலாற்றை நாள்தோறும் போற்றும் நாம், குன்னூர்க் கூண்டிலிருந்த எலியை வெறுங் கருவி எனக் கருதவியலாது. தின்றாற்பொருட்டு விற்பவன் கொல்வானாயின் தின்பானுக்கும் அதிற் பங்குண்டு; அம்முறையே, அறிவைத் துய்ப்பானுக்கும் அவ்வறிவு வந்த வழியிற் பங்குண்டு. அப்பங்கை மறுத்தல் பொய்யாகும். பிறவுயிர் பெரிதும் துன்புற்ற அவ்வாராய்ச்சி வாழ்க்கையில், தம்முடலையும் சோதனைக்கு ஒப்புவித்த கில்கித்து நிகழ்ச்சியே நம் நெஞ்சுக்கு ஆறுதல் தருவது.

கொலைவழியன்றி அறிவு வளரும் என்பதற்குக் குன்னூரே ஒரு சான்றும் தருகின்றது. வெறிநாய்க்கடிக்கு மருந்தாக ஆட்டின் மூளையினின்றும் செய்த தடுப்பு மருந்து நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கியது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அது கைவிடப்பட்டது. அதே பாஸ்தர் நிலையம் வளர்ப்பு உயிரணுக்களினின்றும் அம்மருந்தை ஆக்கிற்று. ஆடு பிழைத்தது; மனிதனும் பிழைத்தான். கொலை இன்றியமையாதது என்னும் சொல்லை அறிவின் இறுதிச் சொல்லாகக் கொள்ளலாகாமையை இது காட்டுகின்றது.

ஆகவே, நமக்குக் கடமைகள் சில உள. முதலாவது, நம் மடங்களிலும் மாகேசுர பூசைகளிலும் அன்னம்பாலிப்பிலும் ஏழைக்கு இடும் சோறு வெறுஞ் சோறாக இருத்தலாகாது. தீட்டிய பச்சரிசியிற் போகும் ஜீவசத்து, புழுங்கலரிசியிற் பெரும்பகுதி நிற்கின்றது என்பது உடனூலார் துணிபு. நிவேதனத்திற்கு வேண்டும் அரிசி மரபுப்படி இருக்க, பந்தியில் புழுங்கலரிசியும் கீரையும் பருப்பும் மோரும் குறைவற இடுதல் எளிதே. ஊனை விடுக என்று ஏழைக்கு உபதேசித்து, அதற்கீடாகப் பாலும் பருப்பும் அவன் பெறுதற்கு வழி செய்யாதொழிதல் அறமாகாது. இரண்டாவது, பாலை உணவாகக் கொள்ளும் நாம், பால் வற்றிய பசு எங்கே செல்கின்றது என்பதை அறிதல் வேண்டும். அதனைக் கொலைக்களத்திற்கு விற்பவனிடம் பால் கொண்டு, புலாலுண்ணேன் என்று கூறுதல் பாதி விரதமேயாம். ஆனிரை பேணும் அறச்சாலைகளை மடங்கள் முன்னின்று காத்தல் இக்காலத்திற்கு மிகவும் இன்றியமையாத சிவபுண்ணியம்.

ஊனுண்ணாமல் வாழ்தல் கூடும் என்பதற்கு மெக்காரிசனின் வாழ்நாள் உழைப்பு நமக்குத் துணைச்சான்று தந்தது. ஊனுண்ணாது ஏன் வாழவேண்டும் என்பதனை அவர் ஆராயவில்லை. அது அவர் துறையுமன்று. அதற்கு விடை நம் சாத்திரங்களில் உளது. அவ்விடையை ஒழுக்கத்தாற் காட்டுதல் நம் பொறுப்பு. உண்போன் உடலும் உண்ணப்படும் உயிரும் ஒருங்கே நலமுறும் வழியைத் தேடுவார்க்குத் திருவருள் முன்னின்று உதவுக.