திலகவதியார் வேண்டுதல்

துன்பம் வந்தபோது இறைவனை நினையாதவர் இலர். ஆயினும், வேண்டியவுடன் துன்பம் நீங்காதாயின் வேண்டுதலையே கைவிட்டு விடுகிறவர்கள் நம்மிற் பலர். இத்தகைய தளர்ச்சி நம்மை அடையும் போதெல்லாம் நாம் நினைத்துக்கொள்ள வேண்டியவர் திலகவதியம்மையார். 12ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் சுவாமிகள் பாடியருளிய பெரியபுராணமும், அதனை வசன நடையில் ஆக்கித் தந்த நாவலரவர்களின் நூலும் அம்மையாரின் வரலாற்றை நமக்கு அறிவிக்கின்றன.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிலே, வேளாளர் குலத்திலே, புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகளாய்ப் பிறந்தவர் திலகவதியார். அவருக்குப்பின் பிறந்த தம்பியார் மருணீக்கியார். அம்மையாருக்குப் 12 வயது நிரம்பும் காலத்திலே, அரசனின் சேனைத் தலைவராகிய கலிப்பகையாருக்கு அவரை மணஞ்செய்து கொடுக்கப் பெற்றோர் இசைந்தனர். மணம் நிறைவேறுமுன் கலிப்பகையார் வடபுலத்துப் போருக்குச் செல்ல நேர்ந்தது. அந்நாளிலே புகழனார் நோயுற்று இறந்தார். மாதினியாரும் கணவரைத் தொடர்ந்து உயிர் நீத்தார். அத்துயர் ஆறுமுன்னே, கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார் என்னும் செய்தியும் வந்து சேர்ந்தது.

தந்தை, தாய், மணாளராக வரவிருந்தவர் என்னும் மூவரையும் இழந்த அச்சிறுமி, தாமும் உயிர்விடத் துணிந்தார். அப்பொழுது தம்பியார் தமக்கையாரின் அடிகளில் வீழ்ந்து, தம்மைத் தனியே விட்டுப் போவதாயின் தாம் முந்தி இறப்பது உறுதி என்று அழுதார். அவ்வொரு சொல்லுக்காக அம்மையார் உயிர் தாங்கினார். தம் துயரினும் தம்பியின் வாழ்வு பெரிதென்று கொண்ட அன்பு அது.

எந்தத் தம்பிக்காக உயிர் தாங்கினாரோ அந்தத் தம்பியாரும் பின்னர் அவரைப் பிரிந்தார். வாழ்வின் நிலையாமையை உணர்ந்து அறச்சாலைகளும் தண்ணீர்ப்பந்தர்களும் அமைத்த மருணீக்கியார், மெய்ந்நெறி தேடிப் பாடலிபுத்திரம் சென்று சமண சமயத்திற் சேர்ந்தார். தருமசேனர் என்னும் பெயரோடு அங்கே தலைமையும் பெற்றார்.

அம்மையார் என் செய்தார்? தம்பியாரை வெறுத்தாரில்லை, இறைவனை நொந்தாருமில்லை. கெடிலக் கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, வைகறையில் எழுந்து திருவலகிட்டார், திருமெழுக்கிட்டார், மலர் கொய்து மாலை தொடுத்தார். தம்பியாரை மீட்டருள வேண்டும் என்று பலகாலும் விண்ணப்பித்தார். விடை வராத நாளிலும் அவர் கைத்தொண்டு ஓயவில்லை.

முடிவிலே இறைவன் கனவில் தோன்றி, சூலை நோய் தந்து அவரை ஆட்கொள்வோம் என்று அருளினான். நாம் இங்கே சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். அம்மையாரின் வேண்டுதலுக்கு வந்த விடை, அன்புத் தம்பியார் வயிற்றிலே பற்றி எரியும் நோயாக வந்தது! மந்திரத்தாலும் மயிற்பீலியாலும் அது தணியவில்லை. தமக்கையாரை அழைத்துவர மருணீக்கியார் தம் சமையற்காரனை அனுப்பினார். அம்மையாரோ தாம் அங்கு வருவதில்லை என்று மறுத்துவிட்டார். அது கல்நெஞ்சு அன்று. தம்பியார் தாமே வரவேண்டும் என்பதையும், வருவார் என்பதையும் அறிந்த நம்பிக்கை அது.

அவ்வாறே அவர் இரவோடிரவாக வந்து தமக்கையாரின் அடிகளில் வீழ்ந்தார். அம்மையார் திருவைந்தெழுத்து ஓதித் திருநீறு அளித்தார். பொழுது புலருமுன், அலகும் மெழுக்குத் தோண்டியுமாய்த் தாம் நாள்தோறும் செல்லும் அவ்வழியே அவரையும் அழைத்துச் சென்றார். அங்கே மருணீக்கியார் முதற் பதிகம் பாட, சூலை நீங்கிற்று. நாவுக்கரசு என்னும் திருநாமமும் கிடைத்தது. நாம் 4ஆம், 5ஆம், 6ஆம் திருமுறைகளாக இன்று ஓதுவன அந்நாவினின்று பிறந்தவையே.

அறுபத்து மூவர் வரிசையில் திலகவதியாரின் பெயர் இல்லை. ஆயினும், அவரது வேண்டுதல் இல்லையேல் அப்பர் சுவாமிகள் நமக்குக் கிட்டியிருப்பாரோ?

இழந்தவர்கள் எவரும் அம்மையாருக்குத் திரும்பி வந்தாரில்லை. இறைவனை நம்புதலாவது, வேண்டியதெல்லாம் வேண்டியபடியே வரும் என்றிருத்தல் அன்று. வருவது நோயாயினும் அதனுள்ளும் அவன் அருள் உண்டென்று கொண்டு, அன்றன்று செய்யவேண்டிய தொண்டைச் செய்தலேயாம். இளைஞராகிய நாம், துயர் வந்த நாளிலும் காலையில் எழுந்து அலகைக் கையிலெடுக்கும் அத்திண்மையை அம்மையாரிடம் கற்போமாக.