பிடி அரிசியில் நடந்த பள்ளிக்கூடம்

மகளின் பள்ளியிலிருந்து போன வாரமும் பெற்றோர் மன்றக் கூட்டத்துக்கு மின்னஞ்சல் வந்தது. நாலு வருஷமாக வருகிறது. ஒரு தடவைகூடப் போனதில்லை. டொரண்டோவில் இரவு வேலை பார்க்கிறவனுக்குச் சாயங்காலத் தூக்கம் முக்கியம் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மைக் காரணம் என் ஆங்கிலம். மகள் முன்னால் தடுமாறுவதற்கு வெட்கம்.

அன்று ராத்திரி வேலையில் காமராஜர் நினைவு வந்தது. எங்க அப்பத்தாவால் வந்த நினைவு. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைப் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கென்று தனிப்பானையில் போடுவாளாம். கையெழுத்துப் போடத் தெரியாதவள்.

காமராஜர் 1903 ஜூலை 15 அன்று விருதுபட்டியில், இன்றைய விருதுநகரில், பிறந்தார். அவர் படித்த க்ஷத்ரிய வித்யாசாலையே வீடு வீடாக வாங்கிய பிடி அரிசியில் வளர்ந்த பள்ளிதான். சின்ன வயசிலேயே அப்பா போய்விட்டார். படிப்பு பாதியில் நின்றது, மாமாவின் துணிக்கடைக்குப் போனார். பிறகு காங்கிரஸ், சிறை. அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை.

1954இல் முதலமைச்சரானதும், முந்தைய ஆட்சி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைக் கைவிட்டார். பள்ளிக்கூடம் திறந்தால் மட்டும் பிள்ளைகள் வந்துவிட மாட்டார்கள், பசி தடுக்கும் என்று அவருக்குத் தெரியும். 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியது. ஆரம்பத்தில் அது ஊர்க்காரர்கள் போட்ட சோறு. அரசாங்கப் பணம் பிறகுதான் சேர்ந்தது. ஒரு சாப்பாட்டுக்குப் 10 பைசா என்று கணக்கு. 6 பைசா அரசாங்கம், 4 பைசா ஊர்.

அந்த 4 பைசாவை நாம் மறந்துவிடுகிறோம். காமராஜர் சோறு போட்டார் என்று மேடையில் பேசுகிறோம், சரிதான். ஆனால் ஊரையும் அவர் பந்தியில் பரிமாற வைத்தார்.

கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். பள்ளிக்கு என்ன குறை என்று பட்டியல் போடுவார்கள். பெஞ்சு, கடிகாரம், சுற்றுச்சுவர், ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை. ஒருவர் நிலம் கொடுப்பார், ஒருவர் கொத்து வேலை செய்வார். முதலமைச்சர் பல மாநாடுகளுக்கு நேரில் போனார். கொடுக்க முடிந்தவர் குரல்தான் அங்கே ஓங்கியிருக்கும், அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் பள்ளிக்கூட வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்ற தகப்பன்மாரில் சிலராவது உள்ளே வந்து, என் பிள்ளை எப்படிப் படிக்கிறான் என்று வாத்தியாரிடம் கேட்டிருப்பார்கள். அரிசி கொடுத்தவனுக்குக் கேட்கிற உரிமை இருக்கிறதே! தனக்குப் பிள்ளைகுட்டி இல்லாத மனிதர் ஊரார் பிள்ளைகளுக்காகச் செய்த வேலை இது.

1963 அக்டோபர் 2 அன்று பதவியை விட்டார். 1975இல் அதே அக்டோபர் 2 அன்று காலமானார்.

இங்கே யாரும் என்னிடம் அரிசி கேட்கவில்லை. மாதம் ஒரு சாயங்காலம்தான் கேட்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லலாம் என்று மின்னஞ்சலின் அடியில் எழுதியிருந்தது. நாலு வருஷமாக அந்த வரி இருந்திருக்கிறது, நான்தான் அதுவரை படித்ததில்லை. தமிழ் என்று பதில் அனுப்பினேன்.

வியாழக்கிழமை கூட்டம். அங்கே போய் என்ன பேசப்போறீங்க என்று மகள் கேட்கிறாள். நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் ஏன் இல்லை என்று கேட்கலாமென்று இருக்கிறேன்.