நிறம் மாறாமல் காத்த வால்டர் புரூக்



ஜப்பானில் விற்ற பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றை நம்ம ஊர்ப் பழைய பிக்சர் டியூப் டிவியில் மாட்டிப் பாருங்கள். பல டிவிகளில் படம் கறுப்பு வெள்ளையாக வரும். சிலவற்றில் உருண்டுகொண்டே இருக்கும். பெட்டியிலும் பழுதில்லை, டிவியிலும் பழுதில்லை. அது என்டிஎஸ்சி முறை, இது பால் முறை. (குடிக்கிற பால் இல்லைங்க!) 1982-ல் தூர்தர்ஷன் கலருக்கு வந்தபோது நம் நாடு எடுத்துக்கொண்டது இந்தப் பால் முறையைத்தான். அதைத் தந்தவர் வால்டர் புரூக் என்ற ஜெர்மானியர்.

1908 மார்ச் 2-ல் நாய்ஷ்டாட் என்ற ஊரில் பிறந்தார். படித்தது பல்கலைக்கழகத்தில் அல்ல, மிட்வைடாவில் இருந்த தொழில்நுட்பப் பள்ளியில். 1935-ல் டெலிஃபுங்கன் நிறுவனத்தில் சேர்ந்தார். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில், பீரங்கி மாதிரி நீண்டிருந்த டிவி கேமராவை இயக்கியவர் இவர்தான்.

போர்க்காலத்தில் பீனெமுண்டே ராக்கெட் தளத்தில், வி-2 ராக்கெட் கிளம்புவதைத் தள்ளியிருந்து பார்க்க டிவி கருவி அமைத்துக் கொடுத்தார். அந்த ராக்கெட்டுகள் லண்டனிலும் ஆன்ட்வெர்ப்பிலும் ஆயிரக்கணக்கான உயிர்களைக் குடித்தன. கைதிகளை அடிமைகளாக வாட்டித்தான் அவற்றைச் செய்தார்கள். பெருமை பேசும்போது இதை மறைத்துவிட்டுப் போகக் கூடாது. நாம் படிக்கிற படிப்பு யார் கையில் போய்ச் சேருகிறது என்பதையும் யோசிக்கத்தானே வேணும்?

போருக்குப் பின் ஹானோவரில் வேலை. 1953-ல் அமெரிக்கா கொண்டுவந்த என்டிஎஸ்சி முறையில் ஒரு தொல்லை இருந்தது. நிறம் என்ன என்பதைச் சிக்னலின் பேஸ்தான் சொல்லும். வழியில் பேஸ் கொஞ்சம் விலகினாலும் போச்சு, மனுஷன் முகம் பச்சையாகிவிடும்! அதைச் சரிசெய்ய டிவியிலேயே ஒரு திருகு வைத்திருந்தார்கள்.

புரூக் என்ன செய்தார்? நிறச் சிக்னலில் ஒரு பகுதியை ஒரு வரிக்கு நேராகவும் அடுத்த வரிக்குத் தலைகீழாகவும் அனுப்பினார். டிவி அதைத் திரும்ப நிமிர்த்தும்போது, ஒரு வரியில் கூடின பிழை அடுத்த வரியில் குறைந்து நிற்கும். முந்தைய வரியை 64 மைக்ரோ செகண்ட் டிலே லைனில் நிறுத்திவைத்து இரண்டையும் கூட்டினால் பிழை பிழையையே அடித்துவிடும். நிறம் சற்று வெளிறும், ஆனால் மாறாது. வரிக்கு வரி திருப்பும் யோசனை அமெரிக்காவில் முன்பே இருந்தது. டிலே லைன் பிரான்சின் சீகாம் முறையில் இருந்தது. இரண்டையும் சேர்த்துக் கட்டியதில்தான் இவர் திறமை! 1963 ஜனவரியில் ஐரோப்பிய வல்லுநர்களுக்குச் செய்து காட்டினார். 1967-ல் பிரிட்டனும் மேற்கு ஜெர்மனியும் இதில் கலர் ஒளிபரப்பைத் தொடங்கின. முறைக்குத் தன் பெயரையே வைக்கலாமே என்று கேட்டால், உடைசல் என்று பொருள்படும் பெயரில் டிவி வந்தால் யார் வாங்குவார் என்று சிரிப்பாராம்.

இப்போது கேமுக்கு வருவோம். காசு போட்டு விளையாடும் பழைய மெஷின்களின் போர்டு பெரும்பாலும் சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனி வயரில்தான் தரும். நடுவே ஒரு என்கோடர் சிப் வைத்து, 4.43 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட்டால் பால் கலர் கிடைக்கும், 3.58 போட்டு முறையை மாற்றினால் என்டிஎஸ்சி. ஆனால் படம் நொடிக்கு சுமார் 60 தடவை வருவது மாறாது. நம் டிவி 50-க்குப் பழகியது. 60-ஐயும் ஏற்கிற டிவியாக இருந்தால்தான் படம் நிற்கும். கலர் வேறு, வேகம் வேறு என்பதை மறக்காதீர்கள். ஐரோப்பாவில் விற்ற பல வீட்டு கேம்கள் 60-க்கு எழுதப்பட்டு 50-ல் ஓடியதால் ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே ஓடின.

புரூக் 1990 மே 5-ல் ஹானோவரில் மறைந்தார். டிலே லைன் வைத்த டிவிகளும் அநேகமாகப் பழைய சாமான் கடைக்குப் போய்விட்டன. ஆனாலும் எங்க குடும்பத்துல முதன்முதலா படிக்க வந்த எனக்கு அவர் ஒரு தைரியம் தருகிறார். வழியில் பிழையே வராது என்று அவர் நம்பியிருக்கவில்லை. வரும் என்று வைத்துக்கொண்டே வேலையை அமைத்தார். சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் இல்லாத நமக்கும் அதுதான் வழி. ஒரு வரி கோணலானால் அடுத்த வரியில் நிமிர்த்துவோம், நண்பர்களே!