ஐந்து டாலர் பங்கும் மூன்று கப்பல்களும்: மார்கஸ் கார்வி நிறுவிய நிறுவனத்தின் கதை

ஒடுக்கப்பட்ட மக்கள் தமக்கென ஒரு தொழில் நிறுவனத்தைக் கட்டியெழுப்ப முற்படும்போது இரு கேள்விகள் எழுகின்றன. மூலதனம் எங்கிருந்து வரும் என்பது முதலாவது. அந்த மூலதனத்தை யார் கண்காணிப்பார்கள் என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு மார்கஸ் கார்வி அளித்த விடை அவர் காலத்து உலகை வியப்பில் ஆழ்த்தியது. இரண்டாவது கேள்விக்கு உறுதியான விடை இல்லாமற்போனதே அவருடைய வீழ்ச்சிக்கு வழி திறந்தது. கார்வியின் வாழ்வை இன எழுச்சியின் வரலாறாக நாம் பலமுறை படித்திருக்கிறோம். ஒரு பங்கு நிறுவனத்தின் வரலாறாகவும் அதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

கார்வி 1887 ஆகஸ்ட் 17 அன்று ஜமைக்காவின் செயின்ட் ஆன்ஸ் பே என்னும் ஊரில் பிறந்தார். தந்தை கல் தச்சர். இளவயதிலேயே அச்சகத்தில் தொழில் பயின்ற கார்வி, கிங்ஸ்டன் நகர அச்சுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தில் பங்கேற்றார். பின்னர் நடு அமெரிக்க நாடுகளுக்குச் சென்று, வாழைத் தோட்டங்களிலும் பனாமா கால்வாய்ப் பணியிலும் கரீபியத் தொழிலாளர் படும் துயரை நேரில் கண்டார். லண்டனில் சில காலம் தங்கிவிட்டு 1914இல் நாடு திரும்பியதும் உலகளாவிய நீக்ரோ முன்னேற்றச் சங்கத்தைத் தொடங்கினார். 1916இல் நியூயார்க் சென்ற அவர், ஹார்லெமைத் தம் இயக்கத்தின் தலைமையிடமாக்கினார். 1918இல் தொடங்கிய ‘நீக்ரோ வேர்ல்டு’ வார இதழ் அவருடைய குரலைப் பல நாடுகளுக்குக் கொண்டுசென்றது.

1919 ஜூனில், நிறுவனங்களைப் பதிவு செய்வதற்கு எளிய சட்டம் கொண்ட டெலவேர் மாநிலத்தில், பிளாக் ஸ்டார் லைன் என்னும் கப்பல் நிறுவனத்தைக் கார்வி பதிவு செய்தார். கப்பலைத் தேர்ந்தெடுத்ததற்குத் தெளிவான காரணம் இருந்தது. அக்காலக் கப்பல்களில் கறுப்பினப் பயணிகள் இழிவாக நடத்தப்பட்டனர். அமெரிக்கா, கரீபியத் தீவுகள், ஆப்பிரிக்கா ஆகிய மூன்று நிலங்களிலும் சிதறிக்கிடந்த மக்களிடையே வணிகம் நடக்க வேண்டுமாயின், அந்த வணிகத்தைச் சுமக்கும் கலமும் அவர்களுடையதாக இருக்க வேண்டும் என்று அவர் கருதினார்.

மூலதனம் திரட்டிய முறையே இம்முயற்சியின் தனிச்சிறப்பு. அனுமதிக்கப்பட்ட மூலதனம் தொடக்கத்தில் 5 லட்சம் டாலர். அது தலா 5 டாலர் மதிப்புள்ள ஒரு லட்சம் பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. பின்னர் அந்த வரம்பு ஒரு கோடி டாலராக உயர்த்தப்பட்டது. கறுப்பின மக்கள் மட்டுமே பங்கு வாங்கலாம். ஒருவர் 200 பங்குகளுக்கு மேல் வாங்க இயலாது. வங்கிக் கடனோ பங்குத் தரகு நிறுவனங்களின் துணையோ இல்லாமல் சங்கக் கூட்டங்களிலும், இதழ் வழியாகவும், அஞ்சலிலும் பங்குகள் விற்கப்பட்டன. வீட்டுப் பணிப்பெண்களும், சுமைதூக்குவோரும், துறைமுகக் கூலிகளும், கரும்புத் தோட்டத் தொழிலாளரும் தம் சேமிப்பை அனுப்பினர். சில ஆண்டுகளில் ஏறக்குறைய 7.5 லட்சம் டாலர் திரண்டது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்குதாரர் ஆயினர்.

பங்கு மூலதனத்துக்குக் கடனைப்போல வட்டி கட்ட வேண்டியதில்லை. குறித்த நாளில் திருப்பித் தர வேண்டியதுமில்லை. அதற்கு ஈடாகப் பங்குதாரருக்குக் கிடைக்க வேண்டியவை இரண்டு: இலாபத்தில் பங்கும், நிர்வாகத்தைக் கேள்வி கேட்கும் உரிமையும். ஐந்தோ பத்தோ டாலர் போட்டுவிட்டுக் கியூபாவிலும் பனாமாவிலும் அமர்ந்திருந்த தொழிலாளி, நியூயார்க்கில் நடக்கும் கூட்டத்துக்கு வந்து கணக்குக் கேட்பது எளிதல்ல. பணம் பரவலான இடங்களிலிருந்து வந்தது. அதிகாரமோ ஓரிடத்தில் குவிந்தது. சங்கத்துக்கும் நிறுவனத்துக்கும் கார்வியே தலைவர். இரண்டின் கணக்குகளும் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தன. இயக்குநர் குழுவில் கப்பல் தொழிலின் நுணுக்கம் அறிந்தோர் மிகக் குறைவு.

முதல் கப்பலான யார்மவுத் 1887இல் கட்டப்பட்டது. கார்வியின் வயதுதான் அதற்கும். 1919இல் 1,65,000 டாலர் விலை பேசித் தவணை முறையில் அதை வாங்கினார்கள். போர்க்காலத் தட்டுப்பாட்டால் கப்பல் விலை உச்சத்தில் இருந்த நேரம் அது. நிறுவனத்துக்காக அக்கப்பலைப் பார்வையிட்ட மாலுமித் தலைவரே, விற்பனைத் தரகரிடம் மறைவாகத் தரகுப் பணம் பெற்றதாகப் பின்னர் தெரியவந்தது. வாங்குபவரின் ஆள் விற்பவரிடம் பணம் பெறுவதைத் தடுக்கும் ஏற்பாடு எதுவும் நிறுவனத்தில் இல்லை.

1920 ஜனவரியில், மதுவிலக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாட்களில், கியூபாவுக்கு மதுச் சரக்கு ஏற்றிச் செல்லும் ஒப்பந்தம் வந்தது. கட்டணம் மிகக் குறைவாகப் பேசப்பட்டது. வழியில் கப்பல் தத்தளிக்கவே சரக்கில் ஒரு பகுதி கடலில் வீசப்பட்டது. இழப்பு நிறுவனத்தின் தலையில் விழுந்தது. மற்றொரு பயணத்தில், பங்கு விற்பனைக்கு ஊக்கம் தரும் பொருட்டுக் கப்பல் பல துறைமுகங்களில் கொண்டாட்டங்களுக்காக நிறுத்தப்பட்டது. உள்ளே இருந்த தேங்காய்ச் சரக்கு அழுகியது. கப்பல் ஓடிச் சம்பாதிக்க வேண்டிய பணத்தைப் புதிய பங்குதாரர்களிடமிருந்து பெறும் நிலை உருவாகிவிட்டது. 35,000 டாலருக்கு வாங்கிய ஷேடிசைடு என்னும் உல்லாசப் படகு பனிப் புயலில் மூழ்கியது. 60,000 டாலருக்கு வாங்கிய கனாவா, கொதிகலன் பழுதால் கியூபாவில் கைவிடப்பட்டது. போருக்குப் பிந்திய கப்பல் தொழில் சரிவும் சேர்ந்துகொள்ள, யார்மவுத் இறுதியில் 1,625 டாலருக்கு விற்கப்பட்டது. வாங்கிய விலையில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

எச்சரித்தவர்கள் இல்லாமலில்லை. டு பாய்ஸ் தம் ‘கிரைசிஸ்’ இதழில் நிறுவனத்தின் நிதிநிலையை ஆராய்ந்து எழுதினார். இருவருக்குமிடையே கடும் பகை இருந்தது உண்மை. அந்தப் பகையே கணக்கு பற்றிய கேள்விகளைப் புறந்தள்ளக் காரணமானது. கேள்வி கேட்பவர் யார் என்பதைப் பார்த்து, கேள்வியின் தகுதியை மறந்தார்கள்.

அரசும் வாளாவிருக்கவில்லை. எட்கர் ஹூவர் 1919இலேயே கார்வியை நாடு கடத்த வழி தேடினார். மத்தியப் புலனாய்வுத் துறை தன் முதல் கறுப்பின உளவாளியை நியமித்து, அவரைச் சங்கத்துக்குள் நுழைத்தது. நிறுவனம் இன்னும் வாங்கியிராத ஒரு கப்பலைத் தன்னுடையதுபோல் காட்டிய விளம்பரக் கையேடு, அவர்கள் தேடிய வாய்ப்பைத் தந்தது. 1922 ஜனவரியில் அஞ்சல் மோசடிக் குற்றச்சாட்டில் கார்வி கைது செய்யப்பட்டார். வழக்கறிஞரை விலக்கிவிட்டுத் தாமே வாதாடினார். உடன் குற்றம் சாட்டப்பட்ட மூன்று நிர்வாகிகளும் விடுவிக்கப்பட, 1923இல் கார்விக்கு மட்டும் ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. முக்கியச் சான்றாக வைக்கப்பட்டதோ உள்ளே கடிதம் இல்லாத ஓர் அஞ்சல் உறை. 1927இல் குடியரசுத் தலைவர் கூலிட்ஜ் தண்டனையைக் குறைத்ததும், கார்வி ஜமைக்காவுக்கு நாடு கடத்தப்பட்டார். 1940 ஜூன் 10 அன்று லண்டனில் காலமானார். 1964இல் அவருடைய உடல் தாயகம் கொண்டுவரப்பட்டு, ஜமைக்காவின் முதல் தேசிய வீரராக அவர் போற்றப்பட்டார். 2025 ஜனவரியில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பைடன் அவருக்கு மரணத்துக்குப் பிந்திய மன்னிப்பு வழங்கினார்.

அரசு அவரை வேட்டையாடியது. நிறுவனம் மோசமாக நிர்வகிக்கப்பட்டது. இவ்விரண்டும் உண்மை, ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்கக் கூடாது. கார்வி தமக்கெனச் செல்வம் சேர்த்து வைக்கவில்லை. ஆயினும் தலைவரின் நேர்மை தணிக்கைக்கு மாற்றாகாது. வெள்ளை முதலாளிகளின் கப்பல் நிறுவனங்களும் அந்த ஆண்டுகளில் நட்டமடைந்தன. அவற்றுக்கு வங்கிகளும் காப்பு நிதியும் துணை நின்றன. ஒடுக்கப்பட்டோரின் நிறுவனத்துக்கு அத்தகைய துணை இல்லை. ஒரு தவறான ஒப்பந்தமே அதைக் கவிழ்த்துவிடும். பகைவர்கள் சூழ்ந்திருக்கையில் கணக்கில் உள்ள ஒவ்வோர் ஓட்டையும் அவர்கள் நுழையும் வாயிலாகிறது.

ஆகவே நம் இளைஞர்கள் கூட்டுறவுச் சங்கமோ, அறக்கட்டளையோ, பங்கு நிறுவனமோ தொடங்கும்போது சில ஏற்பாடுகளை முதல் நாளிலேயே செய்துகொள்ள வேண்டும். இயக்கத்தின் கணக்கும் தொழிலின் கணக்கும் தனித்தனியே இருக்க வேண்டும். வாங்கும் பொருளைத் தொடர்பில்லாத ஒருவர் மதிப்பிட வேண்டும். தணிக்கையாளர் தலைவருக்குக் கட்டுப்படாதவராக இருக்க வேண்டும். ஆண்டறிக்கை கடைசிப் பங்குதாரரின் கைக்கும் அவர் அறிந்த மொழியில் சென்றுசேர வேண்டும். ஹார்லெமின் துணி வெளுக்கும் பெண் ஐந்து டாலர் தந்தபோது கப்பலோடு ஒரு கணக்கையும் எதிர்பார்க்க உரிமை பெற்றாள். அந்த உரிமையை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு இனி நிறுவனங்களைத் தொடங்கும் நம்முடையது.