சதாவதானி செய்குதம்பிப் பாவலர்

க.பொ.த. பரீட்சை நெருங்கிவிட்டால் கல்முனையில் கார்மேல் பற்றிமாப் பிள்ளைகளும் ஸாஹிறாப் பிள்ளைகளும் ஒரே பாடங்களைத்தான் உருப்போடுகின்றனர். முதலெழுத்துக்களைக் கோத்து ஞாபகக் குறிப்புகள் செய்துகொள்வோரும் உண்டு. இந்த உபாயம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? நினைவாற்றலால் தமிழகத்தையே வியக்கவைத்த ஒருவரின் வாழ்க்கை இதற்கு விடை தருகிறது.

செய்குதம்பிப் பாவலர் 1874-ஆம் ஆண்டு இடலாக்குடியில் இஸ்லாமியக் குடும்பமொன்றில் பிறந்தார். புனித சவேரியார் பேராலயம் விளங்கும் கோட்டாற்றுக்கு அண்மையில் உள்ள ஊர் அது. அப்பகுதி அன்று திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்தது; பள்ளியில் அவர் கற்றது மலையாளம். தமிழைச் சங்கரநாராயண அண்ணாவி என்பாரிடம் தனியே பயின்றார். பதினைந்து வயதிலேயே செய்யுள் இயற்றினார். பின்னர் சென்னையில் அச்சகமொன்றில் நூல்களைப் பிழைதிருத்திப் பதிப்பிக்கும் பணியில் அமர்ந்தார்.

1907 மார்ச் 10-ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில், அறிஞர் பலர் முன்னிலையில், ஒரே நேரத்தில் நூறு காரியங்களில் கவனம் செலுத்திக் காட்டிச் சதாவதானி என்ற பட்டம் பெற்றார். சதம் என்றால் நூறு. அவதானம் செய்பவர் மீது ஒருவர் பூவோ சிறு கல்லோ எறிவார். மற்றொருவர் மணி அடிப்பார். எத்தனை என்று இறுதியில் சொல்லவேண்டும். இடையில் கணக்குக் கேட்பர். ஈற்றடி கொடுத்து வெண்பாவும் கேட்பர்.

எண்ணிக்கையை மனத்தில் வைப்பதற்குப் பழக்கமும் உபாயமும் போதும். நமது ஐம்பத்து மூன்று மணிச் செபத்தில் விரல் எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்ள, மனம் தேவ இரகசியங்களைத் தியானிப்பதில்லையா? ஆனால் வெண்பா அப்படியன்று. தளை தட்டாமல், பொருள் சிதையாமல், அந்தக் கணமே புதிதாகப் பாடவேண்டும். இலக்கணம் கற்றுத் தேறாதவருக்கு எந்த உபாயமும் அங்கே உதவாது. கசடதபற என்று பாடம் செய்த குழந்தைக்கு வல்லின எழுத்துக்கள் ஆறும் ஆயுளுக்கும் மறப்பதில்லை. எந்த இடத்தில் வல்லினம் மிகும் என்பதை அச்சொல் கற்பிக்காது. அதற்கு வாசிப்பு வேண்டும், எழுதித் திருத்தவும் வேண்டும்.

வள்ளலார் இராமலிங்க அடிகளின் பாடல்கள் அருட்பாவா, மருட்பாவா என்று சைவர்களிடையே நெடுநாள் வழக்கு நடந்தது. அருட்பாவே என்று மேடையேறி வாதாடினார் இந்த இஸ்லாமியப் புலவர். மருட்பா என்ற கட்சியில் முன்னின்றவர் நம் நாட்டுப் புலோலியூர் நா. கதிரைவேற்பிள்ளை. வேடிக்கை என்னவென்றால், அவரும் ஒரு சதாவதானி! இரு பக்கத்திலும் நினைவாற்றலுக்குக் குறைவில்லை. வழக்கோ நினைவாற்றலால் தீர்வதாயில்லை. பாடலின் பொருளை யார் எப்படி உணர்ந்தார் என்பதே அங்கு கேள்வியாயிற்று.

விக்டோரியா மண்டபத்தில் எறிந்த பூக்கள் எத்தனை என்று இன்று எவரும் கேட்பதில்லை. உமறுப் புலவரின் சீறாப்புராணத்துக்குப் பாவலர் எழுதிய உரை நிலைத்திருக்கிறது. சொல் சொல்லாகப் பொருள் விளக்கும் அந்த வேலையை அவதானத்தால் முடித்திருக்க இயலாது.

பாவலர் 1950-இல் காலமானார். அவருடைய நூல்கள் தமிழ்நாட்டில் நாட்டுடைமையாக்கப்பட்டுள்ளன. இடலாக்குடியில் அவர் நினைவாக மணிமண்டபமும் பள்ளியும் உள்ளன.