தஞ்சை வேந்தர் சரபோஜியும் இருவகை மருத்துவமும்

உடலெடுத்த மாந்தர் யாவர்க்கும் பிணி வருதல் இயல்பு. செல்வர் வறியர், கற்றார் கல்லாதார் என்னும் வேற்றுமை அதற்கில்லை. பிணி வந்தபோது எம்மருத்துவத்தை நாடுவது என்னும் வினாவோ இல்லந்தோறும் பெருங்கலகம் விளைக்கின்றது. மூத்தோர் மூலிகையையும் கஷாயத்தையும் விதந்து பேசுவர். இளையோர் ஆங்கில மருத்துவம் ஒன்றே மருத்துவம் என்பர். ஒரு சாரார் முன்னோர் மரபைக் காத்தலே கடன் என்றும், மற்றொரு சாரார் மரபென்பதெல்லாம் அறியாமை என்றும் வாதிட்டுக்கொண்டிருக்க, இடையே நோயாளி கிடந்து நலிகின்றார். நம் சங்கத்துக் குடும்பங்களிலும் இந்நிலை உண்டென்பதை நாம் அறிவோம். ஆதலின், இருவகை மருத்துவத்தையும் ஒருங்கே போற்றி, ஒவ்வொன்றன் பயனையும் ஆராய்ந்த ஒரு பெருமகனாரின் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். அவர்தாம் தஞ்சை மராட்டிய வேந்தருள் புகழ் மிக்கவராகிய இரண்டாம் சரபோஜி மன்னர்.

சரபோஜி 1777-ஆம் ஆண்டு பிறந்தவர். அரசுக்குரிய மைந்தரின்றி வருந்திய துளஜா மன்னர் 1787-இல் தம் இறுதிக்காலத்து இவரைத் தத்துப்பிள்ளையாக ஏற்று, தஞ்சையில் வாழ்ந்த ஜெர்மானியப் பாதிரியாராகிய சுவார்ட்ஸ் என்பாரிடம் பிள்ளையின் நலத்தை ஒப்புவித்து உயிர் நீத்தார். ஆயின் அரியணையோ துளஜாவின் தம்பி அமரசிங்கருக்கு உரியதாயிற்று. இளஞ்சிறுவர் கல்வியுமின்றி, வெளியே உலவும் உரிமையுமின்றி அரண்மனைக்குள் அடைபட்டுக் கிடந்தார். சுவார்ட்ஸ் பாதிரியார் இடைவிடாது முயன்று அவரைச் சென்னைக்கு அனுப்புவித்துக் கல்வி பெறச் செய்தனர். தமிழ், தெலுங்கு, மராட்டி, வடமொழி ஆகியவற்றோடு ஆங்கிலமும் அவருக்குக் கைவந்தது. மேனாட்டு ஆசிரியரிடம் கற்றாரேனும் தம் சமயத்தை அவர் விட்டாரல்லர். பிறர் அறிவைக் கொள்ளுதல் வேறு, தம்மை இழத்தல் வேறு என்பதை இளமையிலேயே உணர்ந்தார் என்க.

1798-இல் சரபோஜி அரியணை ஏறினார். அடுத்த ஆண்டே கும்பினியார் உடன்படிக்கை ஒன்றினால் நாட்டின் ஆட்சியைத் தம் கையில் எடுத்துக்கொண்டனர். மன்னருக்கு எஞ்சியவை கோட்டையும் அதன் சூழலும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும், அரசர் என்னும் பெயருமேயாம். இந்நிலையுற்ற அரசர் பலர் கேளிக்கையிற் காலம் போக்கினர். இவரோ நூல் தொகுப்பதிலும் கலை வளர்ப்பதிலும் தம் பொருளைச் செலவிட்டார். அச்சுக்கூடம் அமைத்தார், பள்ளிகள் நிறுவினார், சரசுவதி மகால் நூல் நிலையத்திற்கு ஏட்டுச் சுவடிகளையும், ஐரோப்பாவினின்று வருவித்த அச்சுப் புத்தகங்களையும் ஆயிரக்கணக்கிற் சேர்த்தார். அவற்றுள் மருத்துவ நூல்களும் பல. ஆட்சி கைவிட்டுப் போயினும் அறிவு கைவிடவில்லை.

மருத்துவத்தில் அவருக்கு ஈடுபாடு வந்த வகையை அறிய அவர்தம் சத்திரங்களை நோக்குதல் வேண்டும். இராமேச்சுரம் செல்லும் வழிப்போக்கர் பொருட்டுத் தஞ்சை அரசர் பல சத்திரங்களை நடத்தி வந்தனர். அவற்றைக் குறித்து 1801-இல் சரபோஜி ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய மடல், அங்கே சோறு மட்டுமன்றி மருத்துவமும் அளிக்கப்பட்டமையை விளக்குகின்றது. நோயையும் வீக்கத்தையும் பாம்பு முதலியவற்றின் நஞ்சையும் தீர்க்க வல்ல வைத்தியர் அங்கு இருந்தனர். கருவுற்ற பெண்டிருக்கும் தக்க உதவி செய்யப்பட்டது. ஒரத்தநாட்டில் 1802-இல் தோன்றிய முக்தாம்பாள் சத்திரமோ துயரத்திற் பிறந்ததாகும். மன்னரின் அன்புக்குரிய முத்தம்மாள் மகப்பேற்றின்போது உயிர் துறந்தார் என்றும், தம் பெயரால் அறம் நிகழ வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார் என்றும் கூறுவர். மருந்து என்பது அவருக்கு ஏட்டுப் படிப்பன்று. இழப்பினால் உணர்ந்த பொருள்.

இனி, அவர்தம் பெரும்பணியாகிய தன்வந்திரி மகாலைக் காண்போம். மருந்து செய்தலும் மருத்துவ ஆராய்ச்சியும் ஒருங்கே நிகழ்ந்த இடம் அது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஆங்கிலம் என்னும் நால்வகை மருத்துவமும் வல்லார் அங்கு ஒரு கூரையின்கீழ்ப் பணிபுரிந்தனர். மக்களுக்கே அன்றி விலங்குகளுக்கும் அங்கே மருந்து ஆயத்தமாயிற்று. மூலிகைகளை ஓவியரைக் கொண்டு வண்ணப் படங்களாகத் தீட்டுவித்தனர். ஒரே பச்சிலைக்கு ஊர்தோறும் ஒரு பெயர் வழங்குதலையும், ஒரே பெயரால் ஊர்தோறும் வெவ்வேறு பச்சிலை வழங்குதலையும் அறிந்தோர், இப்படங்களின் அருமையை உணர்வர். பெயரை நம்பி மாற்றிலையை அரைத்து உண்டு கெடுதல் இன்றும் நிகழ்வதன்றோ!

பயன் கண்ட மருந்துகளைத் தமிழ்ச் செய்யுளாக்கி வைத்தமை மற்றொரு சிறப்பு. அவையே பிற்காலத்துச் சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் பெயரால் சரசுவதி மகால் வெளியீடுகளாக, கண்ணோய், குன்மம், நீரிழிவு முதலாக நோய்வாரியாகப் பகுக்கப்பெற்று அச்சேறின. தந்தை மைந்தனுக்கன்றிப் பிறருக்கு மருந்தின் மறை சொல்லாத வழக்கம் மிகுந்திருந்த நாட்டில், மறைபொருளை ஊரறியச் செய்தமை சிறு செயலன்று. மறைத்த மருந்து மறைத்தவனோடு அழியும். எழுதிய மருந்தே பிறரால் ஆராயவும் திருத்தவும்படும்.

கண்ணோய்க்கு இத்துணை மருந்துகளைத் தொகுப்பித்த அவ்வேந்தரே, கண்ணோயாளிகளுக்கு ஐரோப்பிய முறையிலும் மருத்துவம் செய்வித்தார். 1827-ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பெற்ற அம்மருத்துவக் குறிப்பேடுகள் சரசுவதி மகாலில் உள்ளன. நாற்பதுக்கு மேற்பட்ட நோயாளிகளின் நிலையும் செய்த சிகிச்சையும் அவற்றுள் ஆங்கிலத்திற் குறிக்கப்பட்டுள. அவருட் சிலருடைய கண்களின் வண்ணப் படங்களும் உடன் உள்ளன. கண்புரை நீக்கும் அறுவையும் அங்கு நடைபெற்றது.

இஃது ஏன் சிறந்தது எனின், கூறுதும். கண்புரை என்பது விழியினுள் இருக்கும் ஆடி ஒளி புகாதபடி மங்கிப் போதலாம். மேலே பிழியும் சாறு எத்துணை உயர்ந்ததாயினும் அம்மங்கலைப் போக்காது. இன்றளவும் அதற்கு அறுவையே தீர்வு. பச்சிலைச் சாற்றை ஆண்டுக்கணக்கில் விட்டுக்கொண்டு, பேரர் முகம் காணாது இருளில் இருந்த முதியோரை நாம் அறிவோம். மருந்துநூல் செய்வித்த அரசரே அறுவையையும் ஏற்றார் என்பதை அன்னார் அறிந்திருப்பின் அவ்விருள் நேர்ந்திராது. அறுவையை ஏற்றமையால் அவர் தம் மருந்துநூல்களை எறிந்து விட்டாரும் அல்லர்.

சரபோஜி 1820 முதல் 1822 வரை பெரும் பரிவாரத்தோடு காசி யாத்திரை செய்து மீண்டார். 1826-இல் தஞ்சைக்கு வந்த ஹீபர் என்னும் ஆங்கிலேயப் பேராயர், மேனாட்டு அறிவியல் நூல்களில் மன்னருக்கு இருந்த பயிற்சியைக் கண்டு வியந்தார். 1832-ஆம் ஆண்டு மார்ச்சு 7-ஆம் நாள், தமது ஐம்பத்து நான்காம் அகவையில், அவ்வேந்தர் விண்ணெய்தினார். மைந்தர் சிவாஜியும் 1855-இல் ஆண்வழியின்றி மறைய, தஞ்சை அரசு முடிந்தது. அரசு முடிந்தும் ஏடுகள் முடியவில்லை.

இச்சரிதத்தால் நாம் கொள்ளத்தக்கது யாது? மருந்தின் பிறப்பிடத்தை வினவாது அதன் பயனை வினவுக என்பதே. சத்திரத்து நஞ்சுவைத்தியரையே எடுத்துக்கொள்வோம். 1801-இல் பாம்பு கடித்தார்க்கு அவரினும் சிறந்த துணை எங்கும் இல்லை. 1890-களில் நச்சு முறி மருந்து ஐரோப்பாவிற் கண்டறியப்பட்டது. இன்று அம்மருந்துள்ள மருத்துவமனைக்குச் செல்லாது வேரையும் மந்திரத்தையும் நாடிப் பொழுது போக்குதல் உயிருக்கே இறுதியாகும். சரபோஜி இந்நாளில் வாழ்ந்திருப்பின் தம் சத்திரந்தோறும் அம்மருந்தை வாங்கி வைத்திருப்பார் என்பதில் நமக்கு ஐயமில்லை. மற்றொருபுறம், சீனப் பழநூல் ஒன்றிற் கண்ட மூலிகைக் குறிப்பைப் பின்பற்றி 1970-களில் மலேரியாவுக்கு மருந்து கண்ட தூ யூயூ என்னும் அம்மையார் 2015-இல் நோபெல் பரிசு பெற்றனர். ஆதலின் மூலிகையை இகழ்தலும் அறிவுடைமையாகாது. ஆராயாது விழுங்குதலும் அறிவுடைமையாகாது.

நம் குடும்பத்தார்க்கு நாம் கூறுவது இதுவே. சளி, சிறு செரியாமை போல்வனவற்றிற்குப் பாட்டியார் கைவைத்தியம் செய்தலில் இழுக்கில்லை. மார்பு வலி, மூச்சுத்திணறல், நஞ்சு, தணியாக் காய்ச்சல், மகப்பேற்று இடர், புதிதாய்த் தோன்றும் கட்டி ஆகியவற்றிற்குக் காலந்தாழ்த்தாது மருத்துவமனை சேர்க. காமாலைக்குக் காரணம் பல. பித்தக்குழாயைக் கல் அடைத்ததனால் வந்த காமாலையை இலைச்சாறு தீர்க்காது. நெடுநோய்க்குச் சித்த மருந்துண்ண விழைவோர் முறையாகப் பயின்று பதிவு பெற்ற மருத்துவரிடமே செல்க. உலோகம் சேர்ந்த பற்பம், செந்தூரங்களைப் பெயர் அறியாதாரிடம் வாங்கற்க. இருவகை மருந்தும் உண்போர் ஒருவகையை மற்றை மருத்துவரிடம் மறையாது கூறுக. மருந்தும் மருந்தும் தம்முள் மாறுபட்டுக் கேடு விளைத்தலும் உண்டு. நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உண்டுவரும் மாத்திரையைப் பிறர் சொற்கேட்டுத் திடீரென நிறுத்தற்க.

வாதத்தில் வெல்வதனால் எவர் நோயும் தீர்வதில்லை. நால்வகை மருத்துவரையும் ஒரு மகாலில் அமர்த்திய அம்மன்னரின் நெஞ்சம் நம் இல்லத்துப் பெரியோர்க்கும் இளையோர்க்கும் வாய்ப்பதாக.